கிட்னி கொடுத்தவரின் பிரஷரை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணவனுக்குச் சிறுநீரகம் கொடுத்த மனைவி, மகனுக்குக் கொடுத்த தாய் என்று அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் டாக்டர்கள் வரிசையாக நிற்பார்கள், நடுவில் மாஸ்க் போட்டுக்கொண்டு கிட்னி வாங்கியவர் உட்கார்ந்திருப்பார், கொடுத்தவர் ஏதாவது ஓரத்தில் இருப்பார். செய்தியின் கடைசி வரி 'இருவரும் நலமாக உள்ளனர்' என்று முடியும். அந்த வரிக்குப் பிறகு கொடுத்தவருக்கு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பிரஷர் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் கும்பகோணம் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பார்மசி படித்தவள். என் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்துப் பல வருடம் ஆகிறது. அவன் நன்றாக இருக்கிறான், நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், கொடுத்ததற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இன்னொன்று உபரியாக இருந்தால் அதையும் கேட்டால் கொடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எந்த வீட்டிலாவது 'பார்த்தாயா, கொடுத்தால் ஹார்ட்டுக்கு ஆபத்தாம்' என்று ஒரு அம்மாவையோ அக்காவையோ தடுத்துவிடக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுந்தவனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஆபரேஷனுக்கு முன்னால் எங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா? ரத்தம் எத்தனை குப்பி எடுத்தார்கள் என்று கணக்கே இல்லை. ஒரு நாள் முழுக்க சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றா இரண்டா என்று பார்க்க சிடி ஆஞ்சியோ, எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க டிடிபிஏ ஸ்கேன். (இரண்டில் நன்றாக வேலை செய்வதைக் கொடுப்பவரிடமே விட்டுவிடுவார்கள், இது பலருக்குத் தெரியாது.) பிரஷருக்காக 24 மணி நேரமும் கையில் ஒரு பட்டையைக் கட்டி விட்டார்கள், அது அரை மணிக்கு ஒரு தரம் தானாக இறுக்கும், ராத்திரி அசந்து தூங்கும் நேரத்தில் 'விர்ர்' என்று சத்தம் போட்டுக் கையைப் பிடிக்கும். அப்படி ஒரு கவனிப்பு.

ஆபரேஷன் முடிந்தது. தையல் பிரித்தார்கள், ஒரு ரிவ்யூ வரச்சொன்னார்கள், அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் உப்பைக் குறைக்கவும், வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளவும் என்று இருந்தது. எங்கே, யாரிடம், யார் செலவில் என்று எதுவும் இல்லை. தம்பிக்குத் தனி ஃபைல், தனி நோட்டு, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் அவன் கிரியேட்டினினும், புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் தேதி வாரியாக இருக்கும். அவனுக்குத் துணையாகப் போகிற நாட்களில் நானும் அதே வராந்தாவில், அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், ஆனால் டோக்கன் அவனுக்கு மட்டும். ஒருமுறை நர்ஸ் அவனுக்குப் பிரஷர் பார்த்து முடித்ததும் எனக்கும் பாருங்கள் சிஸ்டர் என்று கையை நீட்டினேன். "நீங்க பேஷண்ட் இல்லையேம்மா, கொடுத்தவங்கதானே" என்று சிரித்துக்கொண்டே மெஷினைச் சுருட்டி வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் இருந்த ரெஜிஸ்டரில் எனக்கு ஒரு வரி கிடையாது. மருத்துவமனையின் பெயரும் இங்கே தேவையில்லை, வேறு ஊர்களில் கொடுத்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

என் கடையில் பிரஷர் மெஷின் இருப்பதால் எனக்குத் தெரிய வந்தது. வாடிக்கையாளருக்குப் பார்த்துவிட்டுச் சும்மா என் கையிலும் சுற்றினேன், 148/94, இருக்க வேண்டியதைவிட அதிகம். மறுநாள் காலையில் உட்கார்ந்து ஆற அமரப் பார்த்தேன், அப்போதும் இறங்கவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது டாக்டர் சொல்லித் தினம் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை ஒன்று போடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது. மருந்துக்கடை இல்லாத, பிரஷர் மெஷின் இல்லாத, வயல் வேலைக்கோ தறி ஓட்டவோ போகிற ஒரு பெண் கிட்னி கொடுத்திருந்தால் அவளுக்கு எப்போது தெரியும்? வாய் கோணிக்கொண்ட அன்று தெரியும்.

கிட்னி என்றால் சிறுநீர் பிரிக்கிற உறுப்பு என்று மட்டும்தான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உடம்பில் உப்பும் தண்ணீரும் எவ்வளவு நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான், ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும் ரெனின் என்ற பொருளைச் சுரப்பதும் அதுதான். அதாவது பிரஷரின் கடிவாளம் பாதி கிட்னியின் கையில். இரண்டில் ஒன்றை எடுத்ததும் மிச்சம் உள்ளது கொஞ்சம் பெரிதாகி, கூடுதலாக வேலை செய்து, சில மாதங்களில் பழைய மொத்த வடிகட்டும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு, சிலருக்கு அதற்கும் சற்று மேலே வந்து நின்றுவிடும். வாழ்வதற்கு அது தாராளம். ஆனால் கையிருப்பு குறைந்துவிட்டது என்பது உண்மை, அந்தக் கிட்னிக்குப் பிரஷரும் சுகரும் தொந்தரவு கொடுத்தால் முட்டுக்கொடுக்க இன்னொன்று இல்லை.

சரி, இதயத்துக்கு என்ன ஆகும்? உலகம் முழுக்க இதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள், நானும் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் கிட்னி கொடுத்த 2,028 பேரை, அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்த இருபதாயிரம் பேரோடு ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கொடுத்தவர்களுக்குத்தான் குறைவு. கேட்க இனிக்கிறது, ஆனால் அவர்களைப் பின்தொடர்ந்தது நடுவாகப் பார்த்தால் ஆறரை வருடம். நாற்பது வயதில் கொடுத்தவருக்கு நாற்பத்தாறில் மாரடைப்பு வரவில்லை என்பதை வைத்து எதைச் சொல்வது? 2014இல் நார்வேக்காரர்கள் 1,901 பேரைப் பதினைந்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டார்கள், அதில் இதய நோயால் இறப்பது கொடுத்தவர்களிடம் 40 சதவீதம் அதிகம் என்று வந்தது. உடனே உலகமெங்கும் சண்டை. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நோயாளியின் ரத்த சொந்தம், அந்தக் குடும்பத்திலேயே பிரஷரும் கிட்னிக் கோளாறும் ஓடியிருக்கலாமே, ஒப்பிட்டவர்கள் நார்வேயின் ஒரே ஒரு வட்டாரத்து மக்கள்தானே என்று கேட்டார்கள். கேள்விகள் நியாயமானவைதான். 40 சதவீதம் என்பது சிறிய எண்ணிக்கையின் மேல் 40 சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் நூற்றுக்கு நாற்பது பேர் சாகிறார்கள் என்று ஆகிவிடும்.

இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது எனக்குப் பிடித்த ஆய்வு, காரணம் அவர்கள் இதயத்தையே எடைபோட்டுப் பார்த்தார்கள். கிட்னி கொடுத்த 68 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்ததில், ஒரு வருடத்தில் இடது கீழறைச் சுவரின் எடை சராசரியாக 7 கிராம் கூடியிருந்தது. பிரஷர் பெரிதாக ஏறாமலேயே கூடியிருந்தது. நல்ல வேளை, அதே ஆட்களை ஐந்து வருடம் கழித்து அழைத்துப் பார்த்தபோது கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் அந்த வித்தியாசம் இல்லை. பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், வயதானால் எல்லோருக்கும் ஏறுகிற அளவைவிடக் கூடுதலாக, கிட்னி கொடுத்தவர்களுக்கு மேல் பிரஷர் (சிஸ்டாலிக்) ஓர் ஐந்து ஆறு புள்ளி ஏறுகிறது என்று 2006இல் சொன்னார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் அதுவும் இல்லை என்கின்றன.

ஒரு கணக்கில் மட்டும் பெரிய தகராறு இல்லை. அமெரிக்காவில் 96,000க்கும் மேற்பட்ட கொடையாளர்களை வைத்து 2014இல் சொன்னது: வாழ்நாளில் கிட்னி முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பு கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 பேர், அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 பேர், தேர்ந்தெடுக்காத பொதுமக்களில் 326 பேர். டாக்டர்கள் மேடையில் 90ஐயும் 326ஐயும் சொல்வார்கள், பயமுறுத்துகிற ஆட்கள் 90ஐயும் 14ஐயும் சொல்வார்கள். கொடுக்கப்போகிறவருக்கு மூன்றையும் சொல்லிவிடுங்கள், அவருக்குப் புரியும்.

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் நடந்தது, ரொனால்டு ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ரிச்சர்டு எட்டு வருடம் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்டு ஒற்றைக் கிட்னியோடு 56 வருடம் இருந்து, 2010இல் 79 வயதில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் இறந்தார். அந்த வயதில் யாருக்கும் வரக்கூடியதுதான், கிட்னி கொடுத்ததால் என்று யாராவது கதை கட்டினால் நம்ப வேண்டாம். அதேபோல ரொனால்டைக் காட்டி ஒன்றுமே ஆகாது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மேலே சொன்ன எண்கள் கனடா, நார்வே, இங்கிலாந்து, அமெரிக்கா. நம் ஊர்க் கணக்கு? நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடப் பல வருடம் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்று எல்லா இதய மருத்துவரும் சொல்கிறார்கள். 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று சொன்னது. ஆபரேஷன் அன்று சுத்தமாக இருந்த ஒருவருக்கு இந்த மண்ணில் ஐம்பது வயதுக்குள் பிரஷரோ சுகரோ வருவதற்கு கிட்னி கொடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, சும்மா இருந்தாலே வரும். கொடுத்தவருக்கு வந்தால் அது ஒற்றைக் கிட்னியின் மேல் வந்து உட்காரும். கிட்னி சுணங்கினால் பிரஷர் இன்னும் ஏறும், பிரஷர் ஏறினால் கிட்னி இன்னும் சுணங்கும், இரண்டுமாகச் சேர்ந்து இதயத்தைப் பார்க்கும். அதனால் நார்வே சரியா கனடா சரியா என்று தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எது சரியாக இருந்தாலும் நம் ஊரில் கொடுத்தவருக்கு வருடா வருடம் பிரஷர் பார்த்தே ஆக வேண்டும்.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் நாட்டில் உயிரோடு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான் என்பது ஊரறிந்தது. அண்ணன் கொடுக்க முன்வந்தால் அண்ணி வீட்டில் பஞ்சாயத்து கூடும், அக்கா முன்வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் (என் வீட்டிலும் கேட்கவில்லை). ஒன்டாரியோவிலேயே 2015இல் இன்னொரு ஆய்வு வந்தது. கிட்னி கொடுத்த பிறகு கர்ப்பமானவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கர்ப்ப கால ரத்த அழுத்தமோ, அதோடு மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியாவோ வந்தது, கொடுக்காதவர்களில் 5 சதவீதம். பெரும்பாலோருக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்பதையும் சொல்கிறேன். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் அட்டையில் கிட்னி கொடுத்தவர் என்று சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டாமா? கல்யாணப் பேச்சில் மறைத்தது போல மாமியார் வீட்டில் தெரியக் கூடாது என்று செக்கப்பிலும் மறைக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. மருந்துக்கடைக்கு வந்து "இடுப்பு வலி, நல்ல மாத்திரையா ரெண்டு குடுங்க" என்று கேட்பவர்களுக்கு ஊர் முழுக்க டைக்ளோபினாக்கைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். இந்த வகை வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், உடம்பில் உப்பைத் தேக்கும், பிரஷரை ஏற்றும், தொடர்ந்து போட்டால் மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். ஒற்றைக் கிட்னிக்காரருக்கு இது ஆகவே ஆகாது, பாராசிட்டமால் போதும். ஒருமுறை எங்கள் கடைக்கு ஒரு அம்மா வந்தார், மகனுக்குக் கொடுத்தவர், வருடக்கணக்கில் மூட்டு வலிக்கு அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டுவந்திருக்கிறார். மகனுக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரைகள் எவை எவை என்று பட்டியலே ஒப்பிக்கிறார். தனக்கும் அதில் சில ஆகாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாட்டு மருந்து, லேகியம், ஜிம்மில் விற்கும் பவுடர் இதையெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று சாப்பிடுகிற நம் தட்டில் அது காலைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும், நானே இன்னும் முழுதாக ஜெயித்தபாடில்லை.

அரசுக்கு வருகிறேன். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தருபவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது, மிக நல்ல காரியம், அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று பார்த்திருக்கிறேன். உயிரோடு கொடுத்துவிட்டு ஊருக்குள் நடமாடுகிற எங்களுக்கு மாலையும் வேண்டாம் மரியாதையும் வேண்டாம், வருடத்துக்கு ஒரு பிரஷர், ஒரு கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், கூடவே சுகரும் கொழுப்பும் பார்த்துக் கொடுத்தால் போதும். தனியார் லேபில் போனாலும் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகும், மொத்தக் கொடையாளர்களையும் சேர்த்தாலும் அரசுக்கு அது ஒரு செலவே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறீர்கள், அதோடு கொடுத்தவரின் பின்பரிசோதனையையும் சேர்த்துவிடுங்கள். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு வருகிற பெண் மழை நாளில்கூடக் குடையோடு வந்துவிடுகிறார். அவர் கையில் இருக்கும் பதிவேட்டில் 'உறுப்பு கொடுத்தவரா' என்று ஒரு கட்டம் போட எத்தனை நாள் ஆகும்?

சுவிட்சர்லாந்தில் 1993இலிருந்தே கொடையாளர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து ஆயுள் முழுக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மருத்துவமனை கட்டாயம் தகவல் கொடுக்க வேண்டும். 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் வருடம் ஒருமுறை, ஆயுள் முழுக்க என்று தெளிவாகச் சொல்கிறது. நம்மிடம் 1994இலிருந்து உறுப்பு மாற்றுச் சட்டம் இருக்கிறது, அனுமதிக் குழு இருக்கிறது. அந்தக் குழு முன்னால் உட்கார வைத்து உறவு உண்மையா, பணம் கைமாறியதா, யாராவது மிரட்டினார்களா என்று துருவித் துருவிக் கேட்டார்கள், கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். அடுத்த பத்து வருடம் எங்கே போய்ப் பிரஷர் பார்த்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை. மருத்துவமனை எழுத்தில் பதில் சொல்லாமல் அனுமதி கிடையாது என்று ஒரு விதி போட்டால் மறுநாளே எல்லா மருத்துவமனையும் ரெஜிஸ்டர் வாங்கிவிடும். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அந்த எண்களைத் திரட்டி வருடம் ஒருமுறை வெளியிட்டால், நார்வேயைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் நம் கணக்கு நம் கைக்கு வரும்.

எழுதச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. விற்றவர்கள். ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்றே சொன்னார்கள், 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கதை எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், கடனை அடைக்க விற்றவர்கள் 96 சதவீதம், விற்ற பிறகு உடம்பு முன்போல் இல்லை என்றவர்கள் 86 சதவீதம். தரகரைப் பிடியுங்கள், உள்ளே போடுங்கள். ஆனால் கடனுக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டவருக்கும் ஒற்றைக் கிட்னிதான், அவருக்கும் பிரஷர் ஏறும், அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும் என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார். பேரும் ஊரும் கேட்காமல் அவர்களுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய ஒரு வழி வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிறுநீரக மாற்றுச் செய்திக்குப் படம் எடுக்க எந்த மருத்துவமனைக்குப் போனாலும், உங்கள் நிருபர் அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ஐந்து வருடம் முன்பு உங்களிடம் கிட்னி கொடுத்தவர்களில் எத்தனை பேரின் இன்றைய பிரஷர் உங்களுக்குத் தெரியும்? அவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே போடுங்கள். பதில் சொல்லவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரகம் கொடுத்த ஒரு வாசகி,
கும்பகோணம்